லிஃப்ட் கிட் போட்ட பிறகு என் 80 சீரிஸ் அலைகிறது, பின்பக்கம் தூக்கிப் போடுகிறது

எண்பதுக்காரன்:

வணக்கம். வண்டி லேண்ட் க்ரூஸர் 80, 1994 மாடல், 4.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர். அப்பா ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு இரண்டு வருடம் அப்படியே நின்றது. போன வருடம்தான் பிரேக், கிளட்ச், குளிரூட்டும் குழாய்கள் எல்லாம் பார்த்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தேன். முப்பது வருட ஸ்பிரிங் என்பதால் பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) இடிக்கும்.

அதனால் நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் (ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் உருளை) சேர்ந்த, வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் கிட் ஒன்று வாங்கினேன். கடையில் "கேம்பிங் எல்லாம் போவீங்களா" என்று கேட்டார்கள். வருடத்துக்கு நாலைந்து தடவை கூடாரம், தண்ணீர், அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு கல் பாதைகளில் போவோம் என்றேன். பின்பக்கத்துக்கு 300 கிலோ நிரந்தரப் பாரத்துக்கான ஸ்பிரிங் கொடுத்தார்கள். முன்பக்கம் சாதாரண பாரத்துக்கானது. முன்னால் வின்ச், இரும்பு பம்பர் எதுவும் என்னிடம் இல்லை.

வண்டி பார்க்க நன்றாகத்தான் நிற்கிறது. ஓட்டினால் பழைய வண்டியே இல்லை.

80 கி.மீ. வேகத்துக்கு மேல் நேர் சாலையிலேயே அலைகிறது. கையால் பிடித்துப் பிடித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. பின்பக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் "டக்" என்று ஒரு சத்தத்தோடு தூக்கிப் போடுகிறது. பிரேக் அழுத்தினால் மூக்கு முன்பைவிட அதிகம் குத்துகிறது. பின் பிரேக் வேலையே செய்யாதது போல் ஒரு உணர்வு.

என் அக்காவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போகிறேன். போன முறை பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். ஏறுவதற்கும் இப்போது ஒரு முக்காலி தேவைப்படுகிறது. அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையையே தொடங்கினேன்.

அலைன்மென்ட் போட்டேன். எல்லாம் சரி என்று தாள் கொடுத்தார்கள். அதில் காஸ்டர் இடது 0.4 டிகிரி, வலது 0.2 டிகிரி என்று இருக்கிறது. அதை அவர்கள் தொடவில்லை. ஸ்டீரிங் நடுக்கத்தை அடக்கும் டேம்பரைப் பெரிதாக மாற்று, அலைவது நின்றுவிடும் என்று ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் கழற்றிப் பழைய உயரத்துக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. இன்னொரு முழு கிட் வாங்கக் கையில் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?

நெடுவழி:

டயர் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கிட் மாட்டிய கையோடு பாரத்துக்கென்று 40, 42 பி.எஸ்.ஐ. ஏற்றி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். காலி வண்டியில் அது கல்லு மாதிரி இருக்கும். முதலில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த டயரில் அளக்கவும்.

எண்பதுக்காரன்:

42 தான் இருந்தது. இறக்கினேன். சின்னச் சின்னக் குலுக்கல் குறைந்தது. அலைவதும் தூக்கிப் போடுவதும் அப்படியே இருக்கிறது.

ஸ்பானர்கை:

தம்பி, எதையும் கழற்ற வேண்டாம். டேம்பரும் வாங்க வேண்டாம். டேம்பர் நடுக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான். உங்க வண்டிக்கு அது வியாதியே இல்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல இந்த மாதிரி முழு ஆக்சில் (ரெண்டு சக்கரமும் ஒரே தண்டுல இருக்கற) வண்டிகளோட கீழேயே படுத்துக் கிடக்கிறவன். நீங்க எழுதினதுல நாலு தனித்தனி விஷயம் இருக்கு. எல்லாம் ஒரே நாள்ல வந்ததால ஒண்ணு மாதிரி தெரியுது.

அலையறதுக்குக் காரணம் உங்க தாள்லயே இருக்கு. காஸ்டர். சைக்கிள் முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கே, அந்தச் சாய்வுதான். அது இருக்கறதாலதான் சக்கரம் தானா நேரா வருது. 80 சீரிஸ்ல முன் ஆக்சிலை ரெண்டு ரேடியஸ் ஆர்ம் பிடிச்சிருக்கு, அதோட பின் முனை சேசிஸ்ல மாட்டியிருக்கும். வண்டியை மேல தூக்கினா ஆர்ம் கீழ்நோக்கி இறங்கும், ஆக்சில் அதோட சேர்ந்து முன்பக்கமா உருளும். 50 மி.மீ. தூக்கினா ரெண்டு, ரெண்டரை டிகிரி போயிடும். கம்பெனியில இருந்து வரும்போது மூணு டிகிரி பக்கம் இருக்கும். உங்களுக்கு மிச்சம் இருக்கறது அரை டிகிரி கூட இல்லை. ஸ்டீரிங் திரும்பி வராததும் இதனாலதான்.

அலைன்மென்ட் கடைக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது. இந்த ஆக்சில்ல அவரால திருத்த முடியறது டோ, அதாவது மேலேர்ந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற அளவு மட்டும்தான். காஸ்டருக்குத் திருகி வைக்க ஒண்ணுமே கிடையாது. ஆக்சில் பக்கத்து புஷ்களை, அதாவது ஆர்ம் மாட்டற இடத்துல இருக்கற ரப்பர் உருளைகளை மாத்தணும். துளை நடுவில இல்லாம ஒதுங்கி இருக்கற புஷ் கிடைக்கும், காஸ்டர் கரெக்‌ஷன் புஷ்னு கேளுங்க. ரெண்டு டிகிரிக்கு மேல திரும்பக் கிடைக்கும். ரப்பர்ல கிடைச்சா ரப்பரே வாங்குங்க. ஒரு ஆக்சில் முறுக்கிக்கிட்டு மேடு பள்ளம் ஏறும்போது அந்த புஷ்தான் வளைஞ்சு கொடுக்குது. கெட்டியான பாலியூரிதேன் போட்டா அந்த வளைவு குறையும், அதிர்வும் உள்ளே வரும். அக்காவை உட்கார வைக்கிற வண்டிக்கு அது வேண்டாம்.

புஷ் மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. முன்பக்கம் ஜாக்கில தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஹப் பேரிங்கோ, நக்கிள்ல (ஸ்டீரிங்கோட சக்கரத்தைத் திருப்பற பகுதி) மேலும் கீழும் இருக்கற ட்ரன்னியன் பேரிங்கோ தேய்ஞ்சிருக்கு. ரெண்டு வருஷம் நின்ன வண்டி. தேய்ஞ்ச பேரிங்கோட காஸ்டரைக் கூட்டினீங்கன்னா அலைச்சல் போய் நடுக்கம் வரும். ட்ரன்னியன் இறுக்கத்தைக் கையால அளக்காதீங்க, நக்கிள் ஆர்ம்ல ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்க்கணும். எத்தனை கிலோன்னு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

அடுத்தது பின்பக்கம். கணக்கா சொல்றேன், அப்பத்தான் பிடிபடும். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 30 நியூட்டன் வேணும்னு வைங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து 60. 100 கிலோ ஏத்தினா 981 நியூட்டன், அதனால வண்டி 16 மி.மீ. இறங்கும். அதே 45 நியூட்டன் ஸ்பிரிங்னா 11 மி.மீ.தான் இறங்கும். உங்க கெட்டி ஸ்பிரிங் 300 கிலோ எப்பவும் மேல இருக்கும்னு நினைச்சு செஞ்சது. நீங்க காலியா ஓட்டறீங்க. அந்த 300 கிலோ இல்லாததால அது இன்னும் உயரமா நிக்குது. 50 மி.மீ.ன்னு சொன்னாங்க இல்ல, பின்னாடி ஹப் நடுவிலேர்ந்து மட்கார்டு வளைவு வரைக்கும் அளந்து பாருங்க, நிச்சயம் அதைவிட அதிகமா இருக்கும். அப்படி நின்னா ஷாக் ஏற்கெனவே பெரும்பாலும் நீண்டு கிடக்கு. கீழே இறங்க இடம் மிச்சமில்லை. வேகத்தடை தாண்டி சக்கரம் கீழே விழும்போது ஷாக் முழுசா நீண்டு அடிக்குது பாருங்க, அதுதான் உங்க "டக்". மேல இடிக்கற சத்தம் இல்லை, கீழே இழுக்கற சத்தம்.

வண்டி எடை போடற வே பிரிட்ஜுக்குப் போங்க. முன் ஆக்சில் தனியா, பின் ஆக்சில் தனியா. ஒரு தடவை காலியா, ஒரு தடவை பயண சாமான் எல்லாம் ஏத்தி. அந்த நாலு எண்ணை இங்க எழுதுங்க. அது இல்லாம நான் ஸ்பிரிங் பேரே சொல்ல மாட்டேன்.

பிரேக். இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். வண்டியோட பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில ஒரு கம்பி இருக்கும், அது ஒரு பிரேக் வால்வோட சேர்ந்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தா பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், வண்டி உயர்ந்தா குறைக்கும். நீங்க வண்டியைத் தூக்கினதும் அது பாரமே இல்லைன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிடுச்சு. உங்க உணர்வு சரிதான். ஆக்சில் பக்கம் அந்தக் கம்பி மாட்டியிருக்கற பிராக்கெட்டை வண்டி தூக்கின அளவுக்கு உயர்த்தணும். அப்புறம் அழுத்தமானி வச்சு முன், பின் பார்க்கத் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க. இது முடியற வரைக்கும் அக்காவைக் கூட்டிக்கிட்டு வேகமா போகாதீங்க. பிரேக் ஹோஸ் முழு இறக்கத்துல இழுபடுதான்னும் பாருங்க, நாலு பக்கமும்.

நாலாவது, யாரும் கேட்காதது. கிட் மாட்டும்போது ஆர்ம் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில தொங்கும்போதே இறுக்கினாங்களா?

எண்பதுக்காரன்:

ஆமாம் சார். லிஃப்ட்டில் நான்கு சக்கரமும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஸ்பானர்கை:

அப்படின்னா எல்லா போல்ட்டையும் தளர்த்துங்க. ரேடியஸ் ஆர்ம், பின் ஆக்சிலைப் பிடிச்சிருக்கற நாலு லிங்க், முன் பின் பான்ஹார்டு ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற கம்பி). கழற்ற வேண்டாம், தளர்த்தினா போதும். வண்டி தன் சக்கரத்துல நிக்கட்டும், ரெண்டு மூணு மீட்டர் முன்னாடி பின்னாடி உருட்டுங்க, அப்புறம் கீழே படுத்து அந்த நிலையிலேயே இறுக்குங்க. இந்த புஷ்ல ரப்பர் உள்குழாயோடயும் வெளிக்குழாயோடயும் ஒட்டியிருக்கு. அது சுத்தாது, முறுக்கும். தொங்கும்போது இறுக்கினா வண்டி கீழே இறங்கினதுமே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி கெட்டியா இருக்கும், சீக்கிரம் கிழியும். இதுக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு மதியம் போதும். முதல்ல இதைப் பண்ணுங்க.

கல்பாதை:

ஸ்பானர்கை அண்ணன் சொன்னதில் பெரும்பாலானவற்றோடு எனக்கு ஒப்புதல். ஆனால் காஸ்டர் புஷ் பற்றி வேறு அனுபவம். என் 80இல் அந்த ஒதுங்கிய துளை புஷ் போட்டு ஒன்றரை வருடத்தில் ஒரு பக்கம் ரப்பர் விட்டுவிட்டது. துளையின் ஒரு பக்கம் ரப்பர் மெலிந்து இருக்கிறது, கல் பாதையில் பிரேக் பிடிக்கும் விசையெல்லாம் அங்கேதான் விழுகிறது. கழற்றிவிட்டு, சேசிஸ் பக்கம் ஆர்மைத் தாழ்த்தும் பிராக்கெட் போட்டேன். அதில் சாதாரண முழு புஷ்ஷே போகும். தாழ்ந்து தொங்கும், கல்லில் உரசும், அது உண்மை. ஆனால் ஆர்ம் பழைய கோணத்துக்கே வந்துவிடுவதால் வண்டி குழியில் விழும்போது ஏற்படும் குத்தலும் குறைந்தது.

இன்னொன்று. எண்பதுக்காரன், உயரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். எதற்காக உயரம் வேண்டும் என்பதை ஒருமுறை யோசியுங்கள். ஸ்பிரிங் தூக்குவது பாடியை மட்டும்தான். வண்டியின் அடிவயிறு மேட்டில் தட்டாது, ஏறும் கோணம் இறங்கும் கோணம் கூடும். டிஃபரென்ஷியல் (ஆக்சிலில் இருக்கும் கியர் உருண்டை) ஆக்சிலோடு இருப்பதால் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதி. நான் முதலில் 100 மி.மீ. தூக்கினேன். டிஃப் அதே கல்லில்தான் தட்டியது, முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ராபெல்லர் ஷாஃப்ட்டில் அதிர்வு வேறு வந்தது. இப்போது 50 மி.மீ.இல் நிம்மதியாக இருக்கிறேன். மருத்துவமனைக்கும் போகும் வண்டி என்றால் 30கூடப் போதும்.

ஸ்பானர்கை:

பிராக்கெட் நல்ல வழிதான், வேண்டாம்னு சொல்லலை. தம்பி பெரும்பாலும் சாலையில ஓட்டறார், அதனால புஷ் சொன்னேன். புஷ் போட்டா வருஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு விரிசல் பார்க்கணும், அவ்வளவுதான்.

எண்பதுக்காரன்:

ஏழு வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் எழுத முடிந்தது.

முதலில் போல்ட் வேலை. ஸ்பானர்கை சார் சொன்னபடி ஒரு சனிக்கிழமை தளர்த்தி, உருட்டி, இறுக்கினேன். பின் வலது மேல் லிங்க் போல்ட் தளர்ந்ததும் புஷ்ஷின் உள்குழாய் "சடக்" என்று தானாகவே கொஞ்சம் திரும்பியது. அவ்வளவு முறுக்கம் அந்த ரப்பருக்குள் இருந்திருக்கிறது. அன்று மாலையே ஓட்டிப் பார்த்தேன். குழிகளில் அந்த வெடுக்கென்ற தன்மை பாதி போய்விட்டது.

அடுத்து பிரேக் வால்வு. பின்பக்கம் உயரம் அளந்தேன், கிட் போடும் முன் எடுத்த அளவைவிட 88 மி.மீ. அதிகம். அதில் ஒரு பகுதி பழைய ஸ்பிரிங் அமுங்கியிருந்ததால் என்பது புரிகிறது. ஆனாலும் 50 எங்கே, 88 எங்கே. அந்தக் கம்பி கிட்டத்தட்ட நேராக நீண்டு தொங்கியது. அதனால் பின் ஸ்பிரிங் முடிவாகாமல் பிராக்கெட்டை நிரந்தரமாகச் செய்யவில்லை. அது முடியும்வரை அக்காவை வேறு வண்டியில்தான் அழைத்துப் போகிறேன்.

எடை: டேங்க் நிறைய டீசல், நான் மட்டும் உட்கார்ந்து முன் 1,190, பின் 1,160 கிலோ. முழுப் பயண சாமான், நான்கு பேர், 60 லிட்டர் தண்ணீர் என்று ஏற்றினால் முன் 1,220, பின் 1,430. ஆகப் பின்பக்கம் கூடுவது 270 கிலோ, அதுவும் வருடத்தில் நாலைந்து முறை. மற்ற நாளெல்லாம் நான் காலி வண்டிதான் ஓட்டுகிறேன். இதைக் கடையில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்பானர்கை சார் தனியாகச் சொன்னபடி, கெட்டி ஸ்பிரிங் இரண்டையும் மட்டும் விற்றுவிட்டு, சாதாரண பாரத்துக்கான பின் ஸ்பிரிங் வாங்கினேன். சுருளுக்குள் வைக்கும் காற்றுப் பை ஒரு ஜோடி சேர்த்து வாங்கினேன். பயணத்தின்போது மட்டும் காற்று ஏற்றுகிறேன், மற்ற நாளில் அதற்குத் தேவையான குறைந்தபட்சக் காற்று மட்டும். காற்றுப் பை வண்டியைத் தூக்கிக் காட்டுமே தவிர, ஆக்சில் தாங்கும் பாரத்தைக் கூட்டாது என்று அவர் இரண்டு முறை சொன்னார், அதை நானும் இங்கே எழுதி வைக்கிறேன். ஷாக்குகள் கிட்டில் வந்தவையே.

ஷாக் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று பார்க்க பம்ப் ஸ்டாப்பின் நுனியில் கொஞ்சம் களிமண் அப்பி வைத்தேன். முழுப் பாரத்தோடு ஒரு கல் பாதையில் போய் வந்ததும் பார்த்தால் களிமண் லேசாக நசுங்கியிருந்தது. அதாவது கடைசி வரைக்கும் போய் மெதுவாகத் தொட்டிருக்கிறது. காலி வண்டியில் அந்த "டக்" இப்போது இல்லை.

முன்பக்கம் ட்ரன்னியன் பேரிங் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. மாற்றியாகிவிட்டது, ஸ்பிரிங் தராசு வைத்துத்தான். காஸ்டர் புஷ் ரப்பரிலேயே கிடைத்தது. புதிய தாள்: இடது 2.8, வலது 2.6. நேர் சாலையில் இரண்டு விரலால் பிடித்துப் போகலாம். வளைவு முடிந்தால் ஸ்டீரிங் கைக்குள் தானாக ஓடி வருகிறது. அப்பா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே அசைவு.

முன் பான்ஹார்டு ராடையும் பார்த்தேன். தூக்கியதால் முன் ஆக்சில் ஒரு பக்கமாக 4 மி.மீ. நகர்ந்திருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய ராடு வாங்க வேண்டுமா?

ஒரே ஒரு குறை. முன்பக்கம் ஓட்டுநர் பக்கம் 11 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. அளந்து அளந்து பார்த்துவிட்டேன், டயர் காற்று சமம்தான்.

ஸ்பானர்கை:

4 மி.மீ.க்கு ராடு வேண்டாம். அதுக்கு மேல தூக்கினா யோசிக்கலாம்.

சாய்வுக்கு: முன் ஸ்பிரிங் ரெண்டையும் கழற்றி நிமிர்த்தி வச்சு உயரத்தை ஒப்பிடுங்க. நிறைய கிட்ல இடது, வலதுக்கு வேற வேற உயரம் கொடுப்பாங்க, ஓட்டுநர் பக்கம் எடை அதிகம்னு. ஸ்பிரிங்ல ஒட்டுத்தாளோ பெயின்ட் புள்ளியோ இருக்கும். உங்களுக்கு மாத்தி மாட்டியிருக்காங்கன்னு நினைக்கிறேன். கழற்றினா மறுபடியும் போல்ட் எல்லாம் தரையில நின்னுதான் இறுக்கணும்.

எண்பதுக்காரன்:

மாற்றித்தான் மாட்டியிருந்தார்கள் சார். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் உயரம் அதிகம். இடம் மாற்றினேன், இப்போது வித்தியாசம் 2 மி.மீ. தரையில் நிறுத்தித்தான் இறுக்கினேன். பின் உயரமும் முடிவானதால் பிரேக் வால்வு பிராக்கெட்டை நிரந்தரமாகச் செய்து, அழுத்தமானி வைத்துப் பார்த்தாகிவிட்டது.

வியாழக்கிழமை அக்காவை நடு சீட்டில் உட்கார வைத்துப் போய் வந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. முக்காலி இன்னும் வண்டியில்தான் கிடக்கிறது, இறங்கும்போது மட்டும் கேட்கிறாள்.